நனைந்து காய்ந்த பக்கம்

கப்பல் உடைந்து பதினோரு பேர் சாகிற அந்த நாவலைத் தன் கணவன் அமலதாசன் கலங்காமல் படித்து முடித்திருப்பான் என்றுதான் பிலோமினா நினைத்தாள். கேப்டன் சாகும் இடத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் தாளில் அவன் கண்ணீர் பட்ட தடமே இல்லை. அதைத் தாண்டி ஒரு பக்கம் மட்டும் நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது. அதில் யாரும் சாகவில்லை. படகில் ஒருவன் தூங்க, மற்றவன் குப்பியில் மிஞ்சிய தண்ணீரைச் சத்தமில்லாமல் குடித்துவிட்டு, அவனை எழுப்பி, தீர்ந்துவிட்டது என்கிறான். பிலோமினா அதை மூன்று முறை படித்தாள். நான்கு வருஷத்துக்கு முன் இன்ஜின் பழுதாகி, ஒன்பது நாள் கடலில் கிடந்த படகில் அமலதாசனும் அவள் தம்பி ரெக்சனும் இருந்தார்கள். கரை சேர்ந்தது அமலதாசன் மட்டும். "ரெண்டு பேருக்குமே சொட்டுத் தண்ணி இல்ல, பிலோமி" என்று அன்று சொன்னான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "எதுவரைக்கும் படிச்சிருக்க?" என்றபடி அவன் உள்ளே வந்தான். அவள் புத்தகத்தை மூடினாள். "இன்னும் கப்பலே கிளம்பல." அவன் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, தான் குடிக்காமல் அவளிடம் நீட்டினான். "மொதல்ல நீ குடி." கடலிலிருந்து திரும்பிய நாள் முதல் அவனுக்கு அது வழக்கம், அவளும் வாங்கிக் குடித்தே வந்திருக்கிறாள்.