வட்டிக்கு வரி

ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று, கணவன் சிதம்பரத்தையும் இழுத்துக்கொண்டு பதுளை வங்கிக்கு வந்திருந்தாள் பேச்சியம்மா.

“தேயிலக் கொழுந்து பறிக்கிறவ வட்டியிலயும் மாசாமாசம் வரி வெட்டுவீங்களா?” கவுண்டரே அதிரக் கத்தினாள்.

“சத்தம் போடாத புள்ள. வேற பேங்குக்கு மாத்திருவோம்,” என்றான் சிதம்பரம். அவள் கார்டில் வட்டியை எடுத்து, வரி போக மிச்சம் என்று கொண்டுவந்து கொடுப்பவன் அவன்தான்.

ஊழியர் கணினியைப் பார்த்தார். “வரியே வெட்டலயேம்மா! வருமானம் கொறைவுன்னு போன வருஷமே நீங்க ஃபோம் குடுத்துட்டீங்களே?”

“அது எனக்குத் தெரியும் தம்பி. நீங்க சொல்றது இந்த மனுசன் காதுல விழட்டும்னுதான் கத்துனேன்.”

சிதம்பரத்தின் சட்டைப்பையில் கைவிட்டுக் கார்டை உருவினாள்.

“கணக்கெல்லாம் மாத்த வேணாம். மொதல்ல இத வெட்டிப் போடுங்க!”