ஒரு கிளிக்கின் விலை

“ஒரு கிளிக்குக்கு நூற்றெண்பது ரூபாயோ? ஆரைக் கேட்டு ஏத்தினவங்கள்?”

செல்வரட்ணத்தார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் வினோஜாவின் மடிக்கணினியைப் பார்த்தார். துடைத்த கண்ணாடிக்கும் அது நூற்றெண்பதுதான்.

“படத்தைத் தொட்டாலே காசுதான் அங்கிள். தொடுறவர் வீடு வாங்கிற ஆளோ, சும்மா விடுப்புப் பாக்கிற ஆளோ எண்டு பேஸ்புக்குக்குக் கவலையில்லை.”

“தை மாதம் அறுபது எண்டெல்லோ சொன்னனி?”

“அது தை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலையிருந்து வாற ஆக்களைப் பிடிக்கவெண்டு, காணி வீடு விக்கிறவை எல்லாரும் இப்ப ஒரே நேரத்திலை விளம்பரம் போடுகினம். ஏலம் மாதிரித்தான். ஆள் கூடினால் விலை ஏறும்.”

கொக்குவிலில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ‘இணைய விளம்பரம் செய்து தரப்படும்’ என்று வினோஜா பலகை மாட்டியது அந்தத் தையில்தான். வட்டுக்கோட்டையில் செல்வரட்ணத்தார் விற்கக் கொடுத்த இந்தப் பழைய கல்வீடுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. வீடு விற்றால் அவளுக்குக் கொமிசன். விற்காவிட்டால் விளம்பரச் செலவு முழுக்க அவள் தலையில். அப்படித்தான் பேச்சு. சேர்த்து வைத்த காசெல்லாம் கிளிக் கிளிக்காகக் கரைந்துகொண்டிருந்தது. தலையெழுத்து என்று சொல்லவும் முடியாது, கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

“எந்த நாட்டிலை ஆகக் கூட?” என்று கேட்டார்.

“கனடாவிலைதான். அங்கை இன்னும் போடத் தொடங்கேல்லை. போட்டால் இருநூற்றைம்பது வரும்.”

“அப்ப கனடாவை விடு. லண்டனுக்கும் சுவிசுக்கும் மட்டும் காட்டு.”

“எங்கடை சனம் கனடாவிலைதானே அங்கிள் கூட?”

“பிள்ளை, உன்ரை காசு வீணாப் போறதை என்னாலை பாத்துக்கொண்டிருக்க ஏலாது. கனடா வேண்டாம்.”

வினோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தகப்பனே ‘உந்தக் கிளிக்கு வேலை சோறு போடுமோ’ என்று நக்கலடிக்கிறார். இந்த மனிசனுக்கோ தன் காசில் எவ்வளவு கரிசனை என்று நினைத்தாள்.

இரண்டு வாரம் போனது. லண்டனும் சுவிசும் விலையைக் கேட்டதோடு சரி. வினோஜாவின் வங்கிக் கணக்கில் இனி இறைக்கத் தண்ணியில்லை.

கடைசி முயற்சியாகப் படத்தையாவது மாற்றிப் பார்ப்போம் என்று கைபேசியில் தேடினாள். படமெடுக்கப் போன அன்று செல்வரட்ணத்தார் அவளைப் பின்னாலிருக்கும் அடுப்படி, குசினிப் பக்கத்தால்தான் உள்ளே கூட்டிப்போனார். முன்கதவுத் திறப்பு, அந்தப் பழைய இரும்புச் சாவி, எப்பவோ தொலைந்துவிட்டதாம். அதனால் அவள் போட்ட படங்களெல்லாம் கிணறும் குசினியும்தான். வெளியே நின்று முன்கதவையும் ஒரு படம் எடுத்திருந்தாள். இரண்டு பக்கமும் அன்னம் செதுக்கிய பெரிய கதவு.

அதைப் போட்டாள். வாறது வரட்டும் என்று, அவருக்குச் சொல்லாமல் கனடாவையும் சேர்த்துவிட்டாள்.

மறுநாள் காலை திரையைப் பார்த்தாள். கனடாவில் ஒரு கிளிக் நாற்பது ரூபாய். படம் பிடித்துச் சனம் அள்ளுகொள்ளையாகத் தொட்டால் கிளிக் மலியும் என்பது அவளுக்குத் தெரியும். இப்படி மலியும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அன்று பின்னேரமே ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. செந்தூரன் என்று பேர் சொன்னான்.

“திருவிழாவுக்கு வாறன். வீட்டை நேரிலை பாக்கலாமோ?”

“ஓம், வடிவாப் பாக்கலாம்.”

அவன் விலையே கேட்கவில்லை. நல்ல காசுக்காரன் அகப்பட்டிருக்கிறான் என்று வினோஜா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தாள். செல்வரட்ணத்தாரிடம் “ஒரு லண்டன் பொடியன் வாறார்” என்று மட்டும் சொன்னாள். விற்ற பிறகு உண்மையைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார் என்பது அவள் கணக்கு.

சொன்னபடி செந்தூரன் வந்தான். முப்பது வயதிருக்கும். கேற்றடியில் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“லண்டனிலை எவ்விடம் தம்பி?” என்றார் செல்வரட்ணத்தார்.

“லண்டன் இல்லை. கனடா.”

செல்வரட்ணத்தாரின் முகம் செத்துப்போனது. அவர் வினோஜாவைத் திரும்பிப் பார்த்தார்.

“குறை நினையாதேங்கோ அங்கிள். அங்கை கிளிக் விலை இறங்கிப் போச்சு, அதுதான்...”

அவர் வந்தவனை மேலும் கீழும் பார்த்தார். தெரிந்த முகமில்லை. மெல்ல மூச்சு விட்டார்.

“அதுக்கென்ன, வந்தது சந்தோசம். குசினிப் பக்கத்தாலை வாங்கோ தம்பி. முன்கதவுத் திறப்பு துலைஞ்சு போச்சு.”

செந்தூரன் குசினிப் பக்கம் போகவில்லை. நேரே முன்படியில் ஏறினான். காற்சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு நீண்ட இரும்புத் திறப்பை எடுத்துப் பூட்டில் விட்டான். அது கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு கதவு திறந்தது.

வினோஜா திறப்பைப் பார்த்தாள், பிறகு செல்வரட்ணத்தாரைப் பார்த்தாள்.

“துலையேல்லை செல்வம் மாமா,” என்றான் செந்தூரன். “கைக்குழந்தையா என்னையும் தூக்கிக்கொண்டு, வீட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு உங்களிட்டைச் சொல்லிப்போட்டுப் போகேக்கை, அம்மா தன்னோடை கொண்டு போனவ.”