மாமனாரின் துப்பாக்கி

மதிப்பீட்டாளரின் மேஜைக்குப் பின்னால் குனிந்து பதுங்கி, இரண்டு விரலை நீட்டி, "டுமீல்!" என்றார் மேலாளர்.

மதிப்பீட்டாளர் அசையவில்லை. பழைய ஆயுதங்களுக்கு விலை சொல்லிப் பிழைக்கிறவர். இந்த மாதிரி டுமீல்களைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது காய்த்துப் போயிருந்தது.

மேலாளர் நீர்வரி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது. ஓய்ந்தது வேலைதான், பதவி அல்ல. வீட்டில், தெருவில், மருந்துக் கடையில், எங்கே நின்றாலும் அவர் மேலாளரே.

"கும்மிருட்டு. கொள்ளைக்காரங்க பதினெட்டு பேர். எங்கப்பா தனி ஆள், கையில இதே துப்பாக்கி. மூணே குண்டு! செருப்பைக்கூட எடுக்காம ஓடினானுங்க."

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் அவள் இந்தக் கதையைக் கேட்டபோது கொள்ளைக்காரர்கள் ஐந்து பேர்தான். மகள் கல்யாணத்தின்போது பன்னிரண்டு. குடும்பத்தில் யார் தழைத்தார்களோ இல்லையோ, கொள்ளைக்காரர்கள் நன்றாகத் தழைத்தார்கள்.

அவள் கதை கேட்க வரவில்லை. கடல் கடந்து இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து, அதற்குப் பல்லும் முளைத்துவிட்டது. பாட்டி இன்னும் கைபேசித் திரையைத்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறாள். துப்பாக்கி போனால் விமான டிக்கெட் வரும். "பேத்திக்கு அவ கொள்ளுத்தாத்தா கதையை நீங்க நேர்ல சொல்ல வேணாமா?" என்று கேட்ட பிறகுதான் மேலாளர் விற்பதற்கே மசிந்தார்.

மதிப்பீட்டாளர் கைப்பிடியின் திருகாணியைக் கழற்றி உள்ளே இருந்த எண்ணைப் பார்த்தார். குண்டு போடும் உருளையில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டார். குழலுக்குள் சின்ன விளக்கை விட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார். உருளையைச் சுற்றினார். மறுபடி பார்த்தார்.

"அசல்தான் சார். நம்பர் எல்லாம் ஒத்துப்போகுது. பெட்டியும் அதோட பெட்டிதான்."

தானே உட்கார்ந்து வார்த்தெடுத்த துப்பாக்கிபோல மேலாளர் தலையை நிமிர்த்தினார்.

"அதைவிட விசேஷம், இதை யாருமே சுட்டதில்லை. சுட்டிருந்தா உருளையோட முகப்புல கருப்பு வளையம் விழுந்திருக்கும். இதுல கம்பெனில சோதிச்சுப் பாத்த லேசான தடம் மட்டும்தான். பெட்டியை விட்டு இறங்காத பொருள் சார் இது." ஒரு விலை சொன்னார்.

மனைவியின் விரல்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்தன. இரண்டு டிக்கெட். குழந்தைக்குக் கொலுசு வாங்கினாலும் மிச்சமிருக்கும்.

மேலாளர் எழுந்தேவிட்டார். "சுட்டதில்லையா? எங்கப்பா சுட்டாருய்யா!"

"ரொம்ப சந்தோஷம் சார். அப்ப விலை பாதி." மதிப்பீட்டாளர் பேனாவைத் திறந்தார். "பொருளோட வரலாறுன்னு சொந்தக்காரர் சொல்றதையும் எழுதணும். அதைப் பாத்துத்தான் வாங்க வர்றவன் விலை கேப்பான். என்ன எழுதட்டும்?"

"சுட்டதுன்னு எழுதுங்க. குடும்ப மானம் விலைக்கு இல்ல."

அதற்குத்தான் பாதி விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பாதி விலைக்கு ஒரு டிக்கெட். அதில் யார் ஏறுவார் என்று அவளுக்குத் தெரியும். "முதல்ல நான் போய் நிலவரம் பாத்துட்டு வரேன்" என்று இவர் பார்த்துவிட்டு வந்த ஊர்களில் பாதியை அவள் இன்னும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், முழு விலை கிடைத்துவிடும். ஆனால் அதோடு மனுஷன் உடைந்துவிடுவார். உடைந்த மேலாளரை விமானத்தில் கூட்டிக்கொண்டு போய் அவள் என்ன செய்வாள்?

"என்னங்க, இது மாமா சுட்டது இல்லீங்க" என்றாள். "அவர் சுட்ட பழைய துப்பாக்கி அன்னிக்கு ராத்திரியே வெடிச்சுப் பிளந்துபோச்சாம். மறுநாள் விடிஞ்சதும் போய்த்தான் இதை வாங்கினாராம். மாமாவே என்கிட்ட சொன்னாரு. உங்களுக்கு மறந்துபோச்சா?"

மேலாளர் பிறந்ததிலிருந்தே தெரிந்த விஷயம்போல மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினார்.

"பின்ன? பதினெட்டு பேரைச் சமாளிச்ச துப்பாக்கி தாங்குமாய்யா? சுடாததுன்னே எழுதும்!"

மதிப்பீட்டாளர் கண்ணாடிக்கு மேலாக அந்த அம்மாளை ஒரு பார்வை பார்த்தார். எழுதினார்.

படி இறங்கும்போதே மேலாளர் ஆரம்பித்துவிட்டார். துப்பாக்கி கையிலேயே வெடித்தும் அப்பா இமைகூடக் கொட்டவில்லையாம். கொள்ளைக்காரர்கள் இருபதைத் தாண்டியிருந்தார்கள்.

அவள் "ம்" கொட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள்.

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் கலப்படமில்லாத உண்மை. மாமா அதை மறுநாள்தான் வாங்கினார்.

படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில், மூச்சுவாங்கச் சிரித்தபடி, மருமகளிடம் மட்டும் அவர் அதைச் சொன்னார். "பையன்கிட்ட சொல்லிடாதம்மா, தாங்கமாட்டான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ராத்திரி வீட்டில் துப்பாக்கியே கிடையாது. மாமா துணி அலமாரிக்குள் இருந்தார். வந்தவன் ஒரே ஒருவன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டவன், அலமாரிப் பக்கம் திரும்பிச் சொன்னானாம்:

"நான் வரேன் சார். வாசக்கதவை உள்பக்கமா தாழ் போட்டுக்கங்க. காலம் கெட்டுக் கிடக்கு."