கையெழுத்து வாங்கப் போன வீடு

"உள்ளே போனதும் நீ வாயைத் திறக்கவே கூடாது. புரியுதா?" என்றார் கோச் பிரூவர், காரை ஓரங்கட்டிக்கொண்டே.

டேரன் தலையாட்டினான். கல்லூரிக் கால்பந்து அணியில் துணைப் பயிற்சியாளனாகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பிரூவரைப் பற்றி அயோவா மாநிலம் முழுக்கப் பேசும் ஆச்சரியம் அவனுக்கும் உண்டு. இருபது வருடத்தில் முந்நூறு வெற்றி கண்ட மனிதர். பெரிய பல்கலைக்கழகங்கள் நான்கு முறை வலிய வந்து கூப்பிட்டன. மனிதர் சோளக்காட்டு நடுவில் இருக்கும் இந்தச் சின்னக் கல்லூரியை விட்டு நகரவே இல்லை.

இன்றைக்கு என்ன வேலை என்று டேரனுக்குத் தெரியும். பள்ளி முடிக்கப்போகிற பையனின் வீட்டுக்கே போய், பெற்றோரிடம் இனிக்க இனிக்கப் பேசி, இந்தக் கல்லூரிக்குத்தான் ஆடுவான் என்று கையெழுத்து வாங்க வேண்டும். அணியில் இருந்த ஒரே கோல்கீப்பரும் முட்டி உடைந்து கிடக்கிறான். இந்தப் பையன் கேலப் கிடைக்காவிட்டால் இந்த வருடம் அணியின் பாடு அதோகதிதான்.

"பையன் ஆடின வீடியோ ஒண்ணுகூட காட்டலையே கோச்?"

"எதுக்கு? அவன் ஆட்டம் எனக்கு மனப்பாடம்."

கதவைத் திறந்த கேலப்பின் அம்மா மிசஸ் டோலன் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சரியா பன்னிரண்டு. வாங்க" என்றாள்.

மேஜையில் சுட்ட மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு மசியல், ஆப்பிள் பை இனிப்பு எல்லாம் ஆவி பறக்கக் காத்திருந்தன. ஐந்து தட்டுகள். மாடியில் யாரோ சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். தொம்... தொம்... தொம்.

"கேலப் கீழே வரலையா?" டேரன் வாய் தவறிக் கேட்டுவிட்டான். மேஜைக்கு அடியில் கோச்சின் ஷூ அவன் காலை மிதித்தது.

"அவன் கூச்ச சுபாவம்" என்றாள் மிசஸ் டோலன். "நீங்க பேசுங்க கோச். அவனுக்குக் கேட்கும்."

மேலே பந்துச் சத்தம் நின்றது. மிஸ்டர் டோலன் மட்டும் படியிறங்கி வந்து, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார். ஆளில்லாத ஐந்தாவது நாற்காலிக்கு முன்னால் இருந்த தட்டிலும் மிசஸ் டோலன் கவனமாகப் பரிமாறினாள்.

பிரூவர் அந்த வெற்று நாற்காலியைப் பார்த்தே பேசத் தொடங்கினார்.

"கேலப், ஒண்ணாம் நம்பர் ஜெர்சி உனக்குத்தான். முதல் வருஷமே ஆடுவே. இடது பக்கம் பாயறதுக்கு நீ கொஞ்சம் யோசிக்கிறே. அதை நான் சரிபண்ணிடறேன்."

டேரன் நிமிர்ந்து பார்த்தான். கோச் பேசப் பேச, மிசஸ் டோலனின் உதடுகளும் அசைந்தன. அதுவும் அவர் வாயிலிருந்து ஒவ்வொரு வார்த்தையும் விழுவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே.

"காலேஜ் திறக்கறதுக்கு முன்னாடியே ஆகஸ்ட்ல பயிற்சி ஆரம்பிச்சிடுவீங்களாமே?" என்றாள் அவள். "வெயில் மண்டையைப் பிளக்குமே?"

"ஆமா, மிசஸ் டோலன்."

"பிள்ளைங்களுக்குத் தண்ணி கொடுப்பீங்கதானே?"

"எப்பக் கேட்டாலும் கொடுப்போம். என் சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்குவேன்."

மிசஸ் டோலன் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். காரியம் கெட்டுவிடுமோ என்று டேரனுக்குப் பதறியது. "மேடம், எங்க கோச்சை மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டார். கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்க!" என்றான்.

மிஸ்டர் டோலனின் கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. கோச் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்படியா தம்பி? நம்பி அனுப்பலாமா?" என்று மிசஸ் டோலன் அவனை வெகுநேரம் பார்த்தாள்.

"தாராளமா மேடம்."

அவள் பேனாவை எடுத்தாள். கோச் பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்து வைத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. பேனா முனை தாளைத் தொட்டது. பிரூவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. பாவம், இந்த ஒரு கையெழுத்துக்காக இவ்வளவு வேண்டுதலா என்று டேரன் மனதுக்குள் உருகினான்.

பேனா அங்கேயே நின்றது. பிறகு மெல்ல எழுந்தது.

"வேண்டாம் கோச். என் பிள்ளையை நான் அனுப்பலை. அவன் வீட்டிலேயே இருக்கட்டும்."

மிஸ்டர் டோலன் கைகளில் முகத்தைப் புதைத்துத் தேம்பினார். மிசஸ் டோலன் மட்டும் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். அவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

காரில் ஏறியதும் பிரூவர் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"என்ன கோச், இப்படி விட்டுட்டு வந்துட்டோம்? உதவித்தொகையைக் கூட்டித் தர்றோம்னு சொல்லிப் பார்ப்போமா? திரும்பப் போவோம், வாங்க!"

"வேண்டாம்பா. வருஷா வருஷம் இதே நாள் இந்த 'வேண்டாம்'ங்கிற வார்த்தையைச் சொல்றதுக்குத்தான் அந்தம்மா என்னைக் கூப்பிடறாங்க. நானும் ஒரு வார்த்தை மாறாம இதையே பேசிட்டுப் போறேன்" என்றார் பிரூவர். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, முதல் தடவை கேட்டப்போ, அவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க. அந்த ஆகஸ்ட்ல 'இன்னும் ஒரு சுத்து ஓடிட்டு வந்து தண்ணி குடி'ன்னு நான்தான் சொன்னேன். கேலப் அந்தச் சுத்தை முடிக்கவே இல்லை."