இருபத்தேழாம் எண் விமானத்தின் கறை

“எஞ்சின் எண்ணெய்தான் சார். வேணும்னா எழுதியே குடுக்கறேன்” என்றார் பல் டாக்டர், போட்டி நடுவரிடம். போர் விமானத்தின் முதுகில் தொடங்கி, விலா வழியாக வயிறு வரைக்கும் பழுப்பாக ஒரு கறை இறங்கியிருந்தது.

விமானத்தின் மொத்த நீளம் ஒரு முழம். பொம்மை விமானம் செய்வோர் சங்கத்தின் ஆண்டுப் போட்டிக்காக டாக்டர் ஒன்பது மாதம் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, கிளினிக்கில் பல் நோண்டும் கொக்கியால் கோடு கீறி, வர்ணம் பூசி, பிறகு அந்த வர்ணத்தைத் தானே பாழாக்கிச் செய்தது. விமானத்தைப் பளபளவென்று செய்ய யாராலும் முடியும். இருபது வருடம் வெயிலிலும் புகையிலும் அடிபட்டதுபோல அழுக்காக்குகிறவருக்குத்தான் இங்கே பரிசு.

“பகலெல்லாம் ஊரார் பல்லுல டீக்கறையைச் சுரண்டுறீங்க. சாயங்காலமானா பொம்மைக்குக் கறை பூசறீங்க. என்ன ஜென்மமோ!” என்பது மனைவியின் அன்றாட விமர்சனம்.

இந்த முறை அது விமர்சனத்தோடு நிற்கவில்லை. “இந்த வருஷமும் ரெண்டாவது பரிசுன்னா, நீங்க பொம்மை ஒட்டற அந்த ரூம் என் தையல் மெஷினுக்கு. உங்க விமானப்படையை மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடுவேன்” என்று சொல்லிவிட்டு, கைப்பையில் இஞ்சு டேப்போடு முடிவைக் கேட்க வந்திருந்தார்.

நான்கு வருடமாக முதல் பரிசு மருந்துக்கடைக்காரருக்கு. அவர் இப்போது குனிந்து கறையைப் பார்த்தார்.

“டாக்டர், பறக்கறப்ப எண்ணெய் கசிஞ்சா காத்து பின்பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். உங்களது நேரா கீழ வழியுது. நடுவானத்துல பிரேக் போட்டு ஒண்ணுக்குப் போச்சா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மனைவி கைப்பைக்குள் கைவிட்டு டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் ஒரு பழைய பத்திரிகைப் படத்தை நடுவரிடம் நீட்டினார். “இருபத்தேழாம் நம்பர் விமானம் சார். கறை அப்படியே இருக்கு பாருங்க. இந்த நிறம் வர்றதுக்குள்ள பதினோரு தடவை வர்ணம் கலந்தேன்.”

நடுவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நான் வேலை பார்த்த விமானம் இது” என்றார். “ஒருநாள் காலையில இந்தக் கறையைப் பார்த்துட்டு, பறக்கவே கூடாதுன்னுட்டார் அதிகாரி. கறையையும் துடைக்கக் கூடாது, அது ஆதாரமாம். எஞ்சினை ரெண்டு தடவை இறக்கினோம். தலைமையகத்துல இருந்து மூணு நிபுணர் வந்தாங்க. பதினெட்டு நாள் தரையிலயே நின்னுச்சு. அப்ப எடுத்த படம்தான் இது. எங்க கசியுதுன்னு கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் பிடிபடல.”

மருந்துக்கடைக்காரர் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

நடுவர் டார்ச் அடித்துப் படத்தையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தார். “அச்சு அசல். முதல் பரிசு டாக்டருக்கு.”

கைதட்டலுக்கு நடுவே, மனைவி கைப்பையின் ஜிப்பைச் சர்ரென்று இழுத்து மூடியது டாக்டருக்கு மட்டும் தனியாகக் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் டாக்டர் பரிசுக் கேடயத்தை இடுக்கிக்கொண்டு நடுவரை ஓரமாக மடக்கினார்.

“சார், எனக்கு மட்டும் சொல்லுங்க. எஞ்சின் எண்ணெயா, பிரேக் எண்ணெயா? இதைப் பத்தி நோட்டுல ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருக்கேன்.”

நடுவர் இருபுறமும் பார்த்தார். பென்ஷன் வாங்குகிறவர். டாக்டரின் காதருகே குனிந்தார்.

“அது நான் கொட்டின டீ, டாக்டர்.”