சரியான கடவுச்சொல்

தப்பான கடவுச்சொல்லைப் போட்டால் கம்ப்யூட்டர் சாதுவாகத் தவறு என்று காட்டியது. சரியானதைப் போட்டால்தான் திரை நீலமாகி, அப்படியே அணைந்துபோனது. பவுனுத்தாயி கொண்டுவந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் கடைக்காரன் ஜெயசீலன் மூன்று மெஷினில் மாட்டிப் பார்த்துவிட்டான். மூன்றும் அதே இடத்தில்தான் விழுந்தன.

பள்ளத்தில் ஆள் இருக்கும்போதே குவாரியில் வெடியைப் பற்றவைத்ததை அவள் புருஷன் இருளப்பன் படம்பிடித்து, இந்த டிஸ்க்கில் போட்டுப் பூட்டி, கடவுச்சொல்லை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். அங்கே எடைமேடை கிளார்க்காக இருந்தவன். போன மாதம் குவாரி லாரியில் அடிபட்டுச் செத்தான். வெடியில் செத்த நாலு பேரின் வழக்கு திங்கட்கிழமை வருகிறது. அந்தப் படத்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

"டிஸ்க்குல கோளாறு இல்லக்கா. பூட்டு பழசு, இந்தப் புது மெஷினுங்களுக்கு ஒத்துக்கல. அண்ணன் எதுல வச்சுப் பூட்டுனாரோ அதுலதான் தொறக்கும்."

"வீட்டுல ஏது கம்ப்யூட்டரு? எல்லாம் குவாரி ஆபீசுலதான்."

ஜெயசீலன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நல்ல மனுசன்க்கா! மொதலாளி மெஷின்லயேவா மொதலாளியப் பூட்டி வச்சாரு?"

"கிண்டல் பண்ணாத தம்பி. எழவுக்கு வந்த அன்னைக்கே அந்த ஆளு எனக்கு வேல குடுத்துட்டுப் போனாரு. வெள்ளன ஏழு மணிக்கு அந்த ஆபீசத் தொறந்து கூட்டுறது நான்தான்."

அவள் கம்ப்யூட்டரைத் தொட்டதெல்லாம் தூசி துடைக்கத்தான். கல்லுடைத்துக் காய்த்த விரலால் டிஸ்க்கின் வயரைப் பிடித்தாள்.

"இத எந்த ஓட்டையில சொருகணும், எதத் தட்டணும்? மொதல்லேருந்து காட்டு."