நீக்கச் சொன்ன பெயர்

"நோய் வரலைன்னா காசைத் திருப்பித் தந்துடுவீங்களா, மாமா?"

சலவைக்கடைக்காரம்மாவின் மகள் சின்ன வயதில் இப்படிக் கேட்டபோது இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். இன்று அதே கடையில், கடையில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து எடுத்த மருத்துவ இன்சூரன்ஸுக்கு இந்த வருடத்துப் புதுத் தொகையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒன்றரை மடங்கா? ஏன் சார், துணி போதாதுன்னு எங்களையும் பிழியணுமா?" என்றாள் கடைக்காரம்மா.

"போன வருஷம் நடந்த அந்தப் பெரிய ஆபரேஷன்தாம்மா காரணம். அந்த ஒரு பேரை எடுத்துட்டா மத்தவங்களுக்குப் பழைய தொகையே போதும்."

"எடுத்துடுங்க."

"இன்னும் மருந்து ஓடிட்டிருக்கு. மறுபடி ஆஸ்பத்திரின்னா..."

"ஒருத்தருக்காக, இவ்வளவு கட்ட முடியாம எல்லாரையும் நட்டாத்துல விடச் சொல்றீங்களா? எடுங்க. கடையில யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

ஏஜெண்ட் வெளியே வந்தார். வண்டியைக் கிளப்புவதற்குள் இஸ்திரிக்காரர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"சார், அந்தப் பேரை எடுக்காதீங்க. என் பேரை எடுத்துடுங்க. எனக்குத் தும்மல்கூட வராது!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மெஷின் நின்னா முன்னறைப் பேச்சு காதுல விழாதா?"

"நல்லா இருக்கிறவங்க விலகினா தொகை இன்னும்தான் ஏறும், அண்ணே."

இஸ்திரிக்காரர் விடவில்லை. "அப்ப ஏறினதுல ஒரு பங்கை என் கையில வாங்கிக்கங்க. அவங்களுக்கு நான் பட்ட கடன் இருக்கு. வெளியே தெரிய வேண்டாம்."

தெருமுனையில் டெலிவரி வேன் குறுக்கே வந்து நின்றது. ஓட்டுநரும் அதையே கேட்டார், அதே ரகசியக் குரலில். சாயங்காலம் துவைக்கிற அக்கா போனில் அழுதாள். இப்படி வேலையாட்கள் ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள், தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டு. கடவுளை நேரில் பார்த்துவிட்டதுபோல் ஏஜெண்டுக்கு மேனி சிலிர்த்தது. அப்படியும் குறைந்ததைத் தன் கமிஷனிலிருந்து போட்டார்; மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுவாரம், "கம்பெனியே இறங்கி வந்துட்டாங்கம்மா. எல்லாருக்கும் பழைய தொகைதான்" என்று கூசாமல் பொய் சொல்லி, புது இன்சூரன்ஸ் அட்டைகளை நீட்டினார்.

"அந்தப் பேருக்குமா?"

"அதுக்கும்தான்."

நீக்கச் சொன்ன பெயருக்குரிய அட்டையைக் கடைக்காரம்மா தேடி எடுத்தாள். கண்களில் ஒற்றிக்கொண்டு, தன் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

அதில் இருந்தது அவளுடைய பெயர்.